கண்டியா, கங்காராம விகாரையா, ஆடிவேலா? கொழும்புக்கு வருகிறவர்கள் எந்த இரவைத் தேர்ந்தெடுக்கலாம்

சென்னையிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரப்போகிற சொந்தக்காரர்கள், ரிக்கற் எடுக்க முன்னமே கொழும்பிலிருக்கிற எங்களிடம் கேட்பது, “பெரஹரா பார்க்க எந்த மாதம் வர வேணும்?” என்றுதான். பெரஹரா என்ற பௌத்த ஊர்வலம் என்றால் அவர்கள் மனதில் இருப்பது கண்டி. விளக்குச் சட்டை போட்ட யானைகள், தீப்பந்தம், முரசு எல்லாம் தொலைக்காட்சியில் பார்த்த ஆசை. கொழும்பில் தங்கிக்கொண்டே போய்வரக்கூடிய பெரிய இரவு விழாக்கள் இன்னும் இருக்கின்றன. ஜனவரியில் களனி, பெப்ரவரியில் கங்காராம விகாரை, மே மாதத்தில் பௌத்தர்களின் வெசாக், ஆடியில் முருகனின் வேல் விழா. கண்டி எசல பெரஹராவும் ஜூலை, ஓகஸ்டில்தான் வரும். ஐந்தும் ஐந்து விதம். ஒன்றில் விடிய விடிய இருக்கக்கூடியவர், இன்னொன்றில் அரை மணித்தியாலத்தில் “வீட்ட போவம்” என்று எழும்பிவிடுவார்.

எது பெரியது, எதில் யானை கூட என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். எவ்வளவு கிட்ட இருந்து பார்க்கலாம் என்று பாருங்கள். வெசாக்கைத் தவிர மற்றதெல்லாம் வீதியில் நடந்து போகிற வழிபாடு. முரசின் அதிர்வு நெஞ்சில் படுகிற தூரத்தில் இருந்தால்தான் அது என்னவென்று விளங்கும். நாலாவது மாடி பல்கனியிலிருந்து பார்த்துவிட்டு “நல்லாத்தான் இருந்தது” என்று சொல்லிப் போனவர்களை எனக்குத் தெரியும். வீதியோரத்தில் இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதலில் நாள் விஷயம். ஏறக்குறைய எல்லாமே பௌர்ணமியை ஒட்டி வருவதால் திகதி வருடா வருடம் மாறும். விமான ரிக்கற்றை முதலில் எடுத்துவிட்டு “அந்தக் கிழமை என்ன இருக்கு?” என்று கேட்டால் பலருக்கு ஒன்றும் இருக்காது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று மதுக்கடை திறக்காது, இறைச்சிக் கடையும் திறக்காது. செப்டெம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் வந்து திரும்புகிறவர்களுக்கு நான் இங்கே சொல்கிற ஐந்தில் ஒன்றும் கிடைக்காது.

கண்டியைப் பற்றித்தான் கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிழையாகத் திட்டமிடப்படுவதும் அதுதான். கொழும்பிலிருந்து கண்டி சுமார் 115 கிலோமீற்றர். கோட்டையிலிருந்து ரயிலில் இரண்டரை, மூன்று மணித்தியாலம். அதனால் “காலையில் போய் இரவு திரும்பலாம்தானே” என்று நினைக்கத் தோன்றும். சாதாரண நாளில் அது சரி. பெரஹரா நாளில் பின்னேரமே நகர வீதிகளை மூடத் தொடங்கிவிடுவார்கள். முடிந்த பிறகு அத்தனை சனமும் ஒரே நேரத்தில் வீதிக்கு இறங்கும். வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த இரவே கொழும்புக்குத் திரும்புவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கண்டி என்றால் குறைந்தது ஒரு இரவு அங்கே தங்குங்கள். அறை கிடைக்காவிட்டால் கண்டியை அந்த முறை விட்டுவிடுங்கள்.

எந்த இரவு என்பது அடுத்த கேள்வி. எசல பெரஹராவில் முதல் ஐந்து இரவு கும்பல் பெரஹரா, பிறகு ஐந்து இரவு ரந்தோலி பெரஹரா. ஒவ்வொரு இரவும் முந்தியதைவிட நீளும், யானையும் ஆட்டக்காரரும் கூடுவார்கள். கடைசி ரந்தோலிதான் உச்சம் என்பதால் எல்லாரும் அதற்கே அடிபடுகிறார்கள். கதிரை விலையும் அன்றைக்குத்தான் ஆகக் கூட. என்னைக் கேட்டால் வெளியூர்க்காரர்களுக்குக் கும்பல் பெரஹராவின் மூன்றாம், நான்காம் இரவு போதும். அதே சாட்டையடி, அதே தீ, புத்தரின் பல் தாதுக் கோவிலான தலதா மாளிகையின் அதே யானை. சனம் குறைவு என்பதால் நடைபாதையின் முன்வரிசையில் இடம் கிடைக்கிற வாய்ப்பும் கூட. பிள்ளை பசி என்றால் எழும்பிப் போய் வாங்கிக்கொண்டு வரவும் வழி இருக்கும். ரந்தோலியே பார்க்க வேண்டும் என்றால் முதல் இரண்டு இரவில் ஒன்றைப் பிடியுங்கள்.

அடுத்தது, தமிழ் ஆட்கள் கண்டியில் தவறவிடுகிற பகுதி. இதைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். ஊர்வலத்தின் தலைப்பக்கத்தில் சாட்டைக்காரர் வருவார்கள், தீச்சக்கரம் சுற்றுகிறவர்கள் வருவார்கள், கொடி பிடித்தவர்கள், வெஸ் முடி தரித்த ஆட்டக்காரர்கள். பிறகு தாதுப் பேழையைச் சுமந்த தந்தமுள்ள மாளிகை யானை. அதன் காலடியில் வெள்ளைப் பாவாடை விரித்துக்கொண்டே போவார்கள். வீதியின் இரண்டு பக்கமும் சனம் எழுந்து கைகூப்பி “சாது, சாது” என்று சொல்லும். பின்னால் தலதா மாளிகையின் பொறுப்பாளரான தியவடன நிலமே. அதோடு முக்கியமானது முடிந்தது என்று எங்கள் ஆட்கள் எழும்பிப் பாயைச் சுருட்டுகிறார்கள்.

முடியவில்லை. அதற்குப் பிறகுதான் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்று நான்கு தேவாலயங்களின் பெரஹராக்கள் வருகின்றன. பழையதும் அதுதான். மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி சிறி இராசசிங்கன் காலத்தில், 1775இல், தலதா மாளிகையின் ஊர்வலத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார்கள். அதற்கு முன் எசல விழா என்றால் இந்தத் தேவாலயங்களின் விழா. கதிர்காம தேவாலயப் பகுதியில் மயில் தோகைக் காவடி எடுத்துக்கொண்டு ஆடி வருவார்கள். எங்களூர் காவடியின் அடி வேறு, இந்த அடி வேறு, ஆனாலும் தோள் அசைகிற விதத்தைப் பார்த்தவுடன் கூட வந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன். கடைசியில் வருவது பத்தினி. எங்கள் கண்ணகி. மரபாகப் பெண்கள் ஆடி வருவது இந்தப் பகுதியில்தான். மட்டக்களப்பில் கண்ணகி அம்மன் கோவில்களின் வைகாசிக் குளிர்த்திக்குப் போய் வளர்ந்த ஒருவர் கண்டியில் பத்தினிப் பெரஹராவைப் பாராமல் எழும்பி வருவதென்றால் எனக்கு மனம் கேட்காது. ஆகவே கண்டிக்குப் போகிறவர்கள் கடைசி வரை இருக்கக்கூடிய உடல்நிலையோடு போங்கள். பத்து மணிக்குப் படுக்கிற பழக்கம் உள்ள வீடு என்றால் இந்தக் காரணத்துக்காகவே குறுகிய கும்பல் இரவு நல்லது.

இன்னொரு வழியும் இருக்கிறது. கடைசி ரந்தோலிக்குப் பிறகு, விடியப்புறம் மகாவலியில் கெட்டம்பே துறையில் ஆற்று நீரை வாளால் வெட்டுகிற நீர் வெட்டுச் சடங்கு நடக்கும். அதையடுத்து பின்னேரத்தில் பகல் பெரஹரா. விளக்கும் தீயும் இல்லாததால் படத்துக்கு இது எடுபடாது என்பார்கள். ஆனால் ஆட்டக்காரரின் முகம், மணி கோர்த்த மார்புக் கவசம், யானைச் சட்டையின் சரிகை வேலை எல்லாம் வடிவாகத் தெரிவது அப்போதுதான். இரவில் விழித்திருக்க முடியாத சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைக் கட்டாயம் யோசியுங்கள்.

இனி கொழும்பு. ஹுணுப்பிட்டிய கங்காராம விகாரையின் நவம் பெரஹரா 1979இல் தொடங்கியது. வயதில் கண்டிக்குக் கிட்டவும் வராது. அதனால் சிலர் இதை “கொழும்புக்காரரின் பெரஹரா” என்று குறைத்துக் கதைப்பார்கள். குறைத்துக் கதைக்கத் தேவையில்லை. கண்டியில் பார்க்க முடியாத ஒன்று இங்கே இருக்கிறது. கண்டி ஆட்டம் மட்டுமில்லாமல் தென்பகுதித் தாழ்நில ஆட்டமும் சபரகமுவ ஆட்டமும் ஒரே இரவில் ஒரே வீதியில் வரும். முகமூடி போட்டு ஆடுகிறவர்களும் பொய்க்காலில் நடக்கிறவர்களும் வரும்போது பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். பெப்ரவரிப் பௌர்ணமியை ஒட்டி இரண்டு இரவு. கொழும்பில் அது மழை குறைந்த மாதம். நனைந்து திரும்புகிற பயம் அனேகமாக இல்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் தங்குகிறவர்களுக்கு இதைவிட லேசானது கிடையாது. கரையோர ரயிலில் ஏறிக் கொம்பனித்தெருவில் இறங்கினால் விகாரைப் பக்கம் நடை தூரம். வாகனத்தை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம், பேரை வாவியைச் சுற்றிய வீதிகளைப் பின்னேரமே மூடிவிடுவார்கள். திரும்பும்போது விகாரை வாசலில் ஓட்டோ தேடி அலையாமல் கொள்ளுப்பிட்டிப் பக்கமாக நடந்து காலி வீதிக்கு வந்துவிடுங்கள். அங்கே பஸ்ஸும் இருக்கும், ஓட்டோவும் இருக்கும். களைத்தால் பாதியில் எழும்பி வரலாம் என்பது பெரிய வசதி. கண்டியில் பாதியில் எழும்பினால் அறை வரைக்கும் கூட்டத்துக்குள் நீந்த வேண்டும்.

நவம் பெரஹராவுக்குப் போனால் நான்கு மணிக்கே போய்விடுங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வேன். இடம் பிடிப்பதற்காக மட்டுமில்லை. அந்த நேரத்தில் வாவிப் பக்கத்து வீதிகளில் யானைகளைக் கட்டி வைத்திருப்பார்கள். பாகன் கித்துள் ஓலையைக் கிழித்துப் போடுவார், யானை அதைக் காலால் மிதித்து, நாரை உரித்து, தண்டை மட்டும் வாய்க்குள் தள்ளும். பக்கத்தில் ஆட்டக்காரப் பெடியன்கள் நடைபாதையில் குந்தியிருந்து ஒருவன் இடுப்புத் துணியை மற்றவன் இழுத்துச் சுற்றிக் கட்டிவிடுவான். மேளத்தின் தோலைத் தட்டிப் பார்த்து வார் இறுக்குவார்கள். பந்தம் பிடிக்கிறவர்கள் தேங்காய்க் கொப்பராவைச் சாக்கில் கொண்டுவந்து, நீளத் தடியின் நுனியிலுள்ள இரும்புக் கூடையில் போட்டு எண்ணெய் பிடிக்க வைப்பார்கள். பிறகு இரவு முழுக்க அந்த எரிந்த கொப்பரா மணம் வீதியில் நிற்கும், உடுப்பிலும் ஏறும். கண்டியில் இதையெல்லாம் இப்படிக் கிட்ட நின்று பார்க்கக் கூட்டம் விடாது. பகலிலேயே வந்தால் வாவிக்குள் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகம் என்ற விகாரை மண்டபத்தையும் ஆறுதலாகப் பார்த்துவிடலாம்.

களனி துருத்து பெரஹராவைப் பற்றிக் கொஞ்சமாகச் சொன்னால் போதும். ஜனவரியில், துருத்து போயாவுக்கு முந்திய இரவுகளில் நடக்கும். 1927இலிருந்து நடக்கிறது. கொழும்பிலிருந்து 10 கிலோமீற்றர் அளவுதான். மூன்று பெரஹராக்களில் உள்ளூர் மணம் கூடியது இதுவே, வெளிநாட்டுப் பயணிகள் குறைவு. களனி விகாரையில் விபீஷணனுக்குத் தேவாலயம் இருக்கிறது என்பதை அறிந்து வருகிற தமிழ்நாட்டு உறவினர்களுக்கு அங்கே போவதே தனிச் சந்தோஷம். டிசம்பர் விடுமுறையில் வந்து ஜனவரி முதல் கிழமையில் திரும்புகிறவர்கள் நாட்காட்டியைப் பாருங்கள், சில வருடங்களில் பௌர்ணமி அந்த நாட்களுக்குள் விழும். ஆனால் அந்தப் பக்க வீதிகள் ஒடுங்கியவை, நெரிசல் கடுமை. சக்கர நாற்காலியில் யாரும் இருந்தால் களனி வேண்டாம்.

ஆடிவேல் இவற்றோடு சேர்த்து எண்ணப்படுவதே இல்லை. எனக்கு அது விளங்காத விஷயம். செட்டியார் தெருக் கதிரேசன் கோவில்களிலிருந்து வேல் தேரில் ஏறிக் காலிமுகத்திடலைக் கடந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவில்களுக்கு வருகிறது. நகரத்தார் நடத்துகிற விழா. வாந்திபேதி பரவியதால் கதிர்காம யாத்திரை தடைப்பட்ட காலத்தில், கதிர்காமத்துக்குப் போக முடியாதவர்கள் கொழும்பிலேயே வேலைப் புறப்படச் செய்தார்கள் என்றும் அது 1874இல் தொடங்கியது என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். சிங்களச் சனமும் தேர் பார்க்க வரும்.

இதில் கதிரை இல்லை, ரிக்கற் இல்லை, முன்வரிசை பின்வரிசை இல்லை. உங்களுக்கு ஏலுமான தூரம் தேரோடு நடக்கலாம். கொள்ளுப்பிட்டியில் சேர்ந்து பம்பலப்பிட்டி வரைக்கும் நடந்தாலே போதும். தேர் நிற்கிற இடத்தில் அர்ச்சனைத் தட்டு நீட்டலாம், கடைவாசல்களில் தேங்காய் உடைப்பார்கள், வீதி நனைந்து தேங்காய்த் தண்ணீர் செருப்பில் ஒட்டும். தேர் வந்து சேர்ந்த பிறகு கோவிலடியில் கரும்பும் தும்பு முட்டாசும் விற்கும். வேல் அங்கே தங்குகிற நாட்களில் பின்னேரம் போனால் ஆறுதலாகக் கும்பிட்டுவிட்டு வரலாம். மூன்று பெரஹராக்களிலும் நாங்கள் விருந்தாளி மாதிரி ஓரத்தில் இருந்து பார்க்கிறோம். இதில் உள்ளே நிற்கிறோம். கண்டியைப் போலப் பிரமாண்டம் வேண்டும் என்று வருகிறவருக்கு இது காணாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். யானை வரிசையோ தீ விளையாட்டோ எதிர்பார்த்து வர வேண்டாம்.

ஆடிவேலும் எசல பெரஹராவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருவதால், ஜூலை கடைசி, ஓகஸ்ட் தொடக்கத்தில் வருகிறவர்களுக்கு இரண்டும் கிட்டுப்படும் வாய்ப்பு இருக்கிறது. என் கணக்கில் முழு வருடத்திலும் நல்ல காலம் அதுதான். ஒரு பின்னேரம் வேலோடு நடந்து, பிறகு கண்டிக்குப் போய்க் கும்பல் இரவு ஒன்றைப் பார்த்தால், கதிர்காம தேவாலயத்தின் காவடி கடக்கும்போது அது எங்கேயோ இருந்து வந்த வேடிக்கையாகத் தெரியாது.

வெசாக் வேறு வகை. ஊர்வலம் இல்லை, நாங்கள்தான் நடக்க வேண்டும். பேரை வாவியைச் சுற்றியும் பௌத்தாலோக மாவத்தையிலும் விளக்குக் கூடுகள் தொங்கும், பெரிய பந்தல்களில் ஜாதகக் கதைகள் மின்குமிழ் ஓடி ஓடிக் காட்டப்படும், ஒலிபெருக்கியில் கதையைப் பாட்டாகச் சொல்வார்கள். தன்சல் என்ற அன்னதானப் பந்தலில் வரிசையில் நின்றால் சோறோ கடலையோ ஐஸ்கிறீமோ காசில்லாமல் கையில் வைப்பார்கள், நீங்கள் யார், எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். கைக்குழந்தை இருக்கிற குடும்பத்துக்கு இது நல்லது, நினைத்த நேரம் வந்து நினைத்த நேரம் போகலாம். ஒரு இடத்தில் மூன்று மணித்தியாலம் இருக்கத் தேவையில்லை. பயம் மழைதான். மே மாதத்தில் தென்மேற்குப் பருவம் தொடங்கும், மழை வந்தால் கூடும் பந்தலும் அந்த இரவுக்குச் சரி.

யானையைச் சங்கிலியோடு பார்க்க மனம் ஒப்பாதவர்களுக்கும் நான் வெசாக்கையும் ஆடிவேலையும்தான் சொல்வேன். 2019இல் கண்டிப் பெரஹராவில் 70 வயதான, எலும்பும் தோலுமாக மெலிந்த திக்கிரி என்ற யானையின் படம் வெளிவந்தபோது உலகமெங்கும் கண்டனம் எழுந்தது. இங்கேயும் பலருக்கு மனம் கொதித்தது. யானை இல்லாமல் பெரஹரா இல்லை என்பது ஒரு பக்கத்தின் நம்பிக்கை, அதை மதிக்கிறேன். ஆனால் நெருப்பும் இரைச்சலும் மின்விளக்குச் சட்டையும் அந்த உயிருக்கு என்ன பாடு என்று கேட்கிற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வேறு இரவு இருக்கிறது.

கதிரையா, நடைபாதையா என்பதற்கு வருவோம். கண்டியில் நடைபாதை இலவசம். மத்தியானமே பொலித்தீன் விரித்து, குடையும் சோற்றுப் பார்சலுமாகச் சனம் குந்திவிடும். ஆறேழு மணித்தியாலம் அசையாமல் இருக்க உங்களால் ஏலும் என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. பக்கத்தில் இருக்கிற குடும்பம் சாப்பாட்டைப் பகிரும், பிள்ளையை மடியில் வாங்கி முன்னால் விடும். சிங்களம் நாலு சொல் தெரிந்தால் காணும். முழங்கால் வருத்தம், சலரோகம் உள்ளவர்கள் இதற்கு இறங்க வேண்டாம், அவர்களுக்குக் கதிரை வாங்குங்கள்.

கதிரை வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். எந்த வீதி, எத்தனையாவது வரிசை, முன்னால் தூணோ விளக்குக் கம்பமோ இருக்கிறதா, மலசலகூடம் எங்கே, ஊர்வலம் தொடங்கிய பிறகு அங்கே போய்வர விடுவார்களா என்று கேளுங்கள். முடிந்தால் காலையில் போய் இடத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு தரகர் “முதல் வரிசை” என்று விற்றது, கடை ஒன்றின் தூணுக்குப் பின்னால் இருந்த நான்கு கதிரைகள். அம்மம்மா முழு இரவும் கழுத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே பார்த்தார். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் வெளிநாட்டு விலைதான் சொல்வார்கள். இங்கேயிருக்கிற சொந்தக்காரர் ஒருவரைக் கதைக்க விடுவது நல்லது. மேல்மாடியைவிட நிலத்தோடு இருக்கிற இரண்டாம் வரிசை மேல். கொழும்பில் நவம் பெரஹராவுக்குக் கதிரை இல்லாமலே சமாளிக்கலாம், மடக்குக் கதிரை ஒன்றைக் கையில் கொண்டு போனால் பெரியவர்களுக்குப் போதும்.

எங்கே போனாலும் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில், தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. பேழை கடக்கும்போது எழும்புங்கள், தொப்பியைக் கழற்றுங்கள், அதற்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். யானைக்கும் ஆட்டக்காரருக்கும் முகத்தில் பிளாஷ் அடிக்க வேண்டாம். பையைச் சோதிப்பார்கள், சின்னப் பையாகக் கொண்டு போங்கள்.

பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பம், கையில் இருப்பது ஒரே ஒரு இரவு, எந்த மாதமும் வரலாம் என்று கேட்டால் தயங்காமல் பெப்ரவரி நவம் பெரஹராவைச் சொல்வேன். இரண்டு நாள் ஒதுக்கக்கூடிய, நள்ளிரவு வரை இருக்கக்கூடியவர்களுக்குக் கண்டி, அதுவும் கும்பல் இரவு. ஓகஸ்டுக்கு வருகிறவர்கள் கண்டியில் அறையையும் திரும்புகிற ரயில் ரிக்கற்றையும் விமான ரிக்கற்றோடு சேர்த்தே போடுங்கள். பெரஹராவுக்கு மறுநாள் காலை கொழும்புக்கு வருகிற ரயிலில் கடைசி நேரத்தில் இருக்கை கேட்டால் கிடைக்காது.